சுனையோடை விசாரணை

நாசரேத்திலிருந்து வரும் முதல் பஸ்ஸை விட்டு ஜெபசெல்வி இறங்கியபோது மணி ஏழேகால். ஊர் முகப்பில் இரண்டு வாழை மரம் கட்டியிருந்தது, அதுவும் தாரோடு. யார் வீட்டுக் கல்யாணம் என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, இல்லை, இது சப் கலெக்டருக்கு என்று புரிந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பத்து மணிக்கு வரப்போகிற மனுஷர் ஓடைக்குள் கிடக்கும் கல்லைப் புரட்டிப் பார்க்க வருகிறார். அவருக்கு வாழைத் தார் எதற்கு?

சிரிப்பு அதோடு நின்றது. மேலச்சுனையூரில் இருநூறு வீடு. இருநூறு வீடும் குடிக்கிற தண்ணீர் இனி மிஞ்சுமா மிஞ்சாதா என்பது இன்றைக்குத் தெரிந்துவிடும். அந்தப் பாரத்தை ஊர் அவள் தலையில்தான் ஏற்றி வைத்திருந்தது. அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

விஷயம் இதுதான். தேரிக்காட்டுச் செம்மணலுக்கு அடியில், அய்யனார் கோயில் சுனையில் ஊறிப் புறப்படுகிற ஓடை அது. கோடையிலும் வற்றாது. ஒன்றரை மைல் ஓடி ஆழ்வார்திருநகரிப் பக்கம் வாய்க்காலில் போய்ச் சேரும். நடுவில் ஒரு தும்பு கம்பெனி. பனை மட்டை நாரான தும்பை வேகவைத்துச் சாயம் ஏற்றிக் கட்டுக் கட்டாகத் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அனுப்புவார்கள். வெளிநாட்டுக்காரன் அதில் பிரஷ் செய்து தரை தேய்ப்பான். அவன் தரை சுத்தமாவதற்கு இந்த ஓடை அழுக்காக வேண்டியிருந்தது. சாயக் கழிவு ஓர் இரும்புக் குழாய் வழியாக ஓடைக்குள் விழ ஆரம்பித்து நாலு வருஷம் ஆகிறது. குழாய்க்குக் கீழே மாடு தண்ணீரை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். ஊர்ப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாய்க்கு மேலே ஏறிப் போய்த் தண்ணீர் எடுக்கப் பழகிவிட்டார்கள். இப்போது கம்பெனி இரண்டாவது சாயக் கொட்டகை போடப் பார்க்கிறது. அது இன்னும் மேலே, சுனைக்குப் பக்கத்தில். அதற்கும் ஒரு குழாய். அதுவும் வந்துவிட்டால் குடத்தோடு ஏறிப் போக இடம் கிடையாது.

ஊர் மனு மேல் மனு எழுதியது. ஒவ்வொரு தடவையும் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதித்தார்கள், ஒவ்வொரு தடவையும் சுத்தமான தண்ணீர் என்று ரிப்போர்ட் வந்தது. வராமல் என்ன செய்யும்? கம்பெனிக்காரர்கள் முதல் நாளே குழாயை அடைத்துவிடுவார்கள். பாட்டிலோடு வந்த ஆள் போன மறுநாள் ஓடை மறுபடி கத்தரிப்பூ நிறத்தில் ஓடும்.

ஜெபசெல்வி தூத்துக்குடியில் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுப்பவள். சொந்த ஊர் நாசரேத், வயது முப்பத்தாறு, பிடித்தால் விடமாட்டாள் என்று கல்லூரியில் பெயர். பாட்டில் தண்ணீர் அந்த நிமிஷத்தைப் பற்றித்தான் சொல்லும், ஓடைக்குள் குடியிருக்கிற பூச்சியும் புழுவும்தான் போன மாசமும் அதற்கு முந்தின மாசமும் தண்ணீர் எப்படி இருந்தது என்று சொல்லும் என்று அவள் சப் கலெக்டருக்கு எழுதிப் போட்டாள். ஐந்து சனிக்கிழமை வந்து, கொசுவலையில் தைத்த வலையை ஓடையில் பிடித்து, கல்லைப் புரட்டி, வெள்ளை எனாமல் தட்டில் கொட்டி எண்ணினாள். குழாய்க்கு மேலே கல்லுக்கு அடியில் மூன்று வால் வைத்த பூச்சிக் குஞ்சுகள் மொய்த்தன. மணலைத் துணுக்குத் துணுக்காக ஒட்டிக் குழல் கட்டி, அந்தக் குழலைக் கல்லோடு பதித்து உள்ளே வாழும் புழுக்கள் இருந்தன. இரண்டும் கொஞ்சம் கெட்ட தண்ணீரைக்கூடத் தாங்காத ஜாதி. குழாய்க்குக் கீழே அதே மாதிரிக் கல், அதே மாதிரி ஓட்டம், ஆனால் சேற்றுக்குள் நெளியும் சிவப்புப் புழுவைத் தவிர ஒன்றும் கிடையாது.

கம்பெனி மானேஜர் ஜெயசிங் இதைக் கேட்டுவிட்டு, நோட்டில் யார் வேண்டுமானாலும் எழுதலாமே என்றார். அவரும் நாசரேத்துக்காரர்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவளுக்கு இரண்டு வரிசை முன்னால் உட்காருகிறவர். அதற்குச் சப் கலெக்டர் எழுதிய பதிலில், யாருடைய நோட்டும் வேண்டாம், குழாய்க்கு மேலே நூறு கஜம், கீழே நூறு கஜம், இரண்டு இடத்திலும் கல்லைப் புரட்டி என் கண்ணால் பார்க்கிறேன், பார்த்ததை வைத்து அங்கேயே உத்தரவு போடுகிறேன் என்றிருந்தது. கடிதத்தைப் படித்த அன்று ஜெபசெல்விக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

வாழை மரத்தைத் தாண்டி நடந்தாள். பாதையின் இரண்டு ஓரமும் வெள்ளைக் கோடு இழுத்திருந்தார்கள். கோடு கோணாமல் இருந்தது, கயிறு பிடித்து இழுத்திருப்பார்கள் போல. அது ஓடைக்கரை வரை போயிற்று. போகப் போக ஒரு வாடை மூக்கில் ஏறியது. காலரா வருகிற காலத்தில் கிணற்றடியில் வீசுமே, அந்த வாடை. கோடு சுண்ணாம்பாக இருக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். கால் தானாக வேகமெடுத்தது.

ஓடைக்குள் முழங்கால் தண்ணீரில் நின்று பஞ்சாயத்து வேலையாள் மாசானம் தேங்காய் நாரால் ஒரு கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கரையில் நாலு தகர டின் காலியாகக் கிடந்தது. அவளைக் கண்டதும் அவன் முகமெல்லாம் சிரிப்பு.

“பாத்தியளா டீச்சர், பளபளன்னு ஆக்கிட்டேன். ஐயா கால் வழுக்கிரப்பிடாதுன்னு பாசியெல்லாம் தேச்சு எடுத்தாச்சு.”

என்ன போட்டாய் என்று கேட்டாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை, மறுபடி கேட்டாள்.

“பிளீச்சிங் பொடிதான். சுனைப் படியில ஆரம்பிச்சு இங்கன வரைக்கும் நாலு டின்னு. நீங்க உக்காந்து பாக்குத இடத்துல மட்டும் ரெண்டு கை கூடப் போட்டேன்.”

ஜெபசெல்வி பையைக் கீழே போட்டாள். சேலையைத் தூக்கிச் செருகாமல், செருப்பைக் கழற்றாமல் அப்படியே ஓடைக்குள் இறங்கினாள். மாசானம் தேய்த்த கல்லை விட்டுவிட்டு, நடு ஓட்டத்தில் கிடந்த பெரிய கல் ஒன்றைப் புரட்டினாள். போன சனிக்கிழமை இதே கல்லில் முப்பத்தொன்று எண்ணினாள். இப்போதும் இருந்தன. கல்லின் குழிகளில் வெளுத்து, வால் மூன்றும் ஒட்டிக்கொண்டு, அசையாமல் கிடந்தன. விரலால் தொட்டாள். ஒன்றுகூட ஓடவில்லை. அடுத்த கல்லைப் புரட்டினாள். அடுத்ததை. ஏழாவது கல்லில் கை நின்றுவிட்டது. அழுகை வந்தது, அதைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது, யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

மாசானத்தின் மேல் எப்படிக் கோபப்படுவது? ஐந்து வாரமாக அவள் கல்லைப் புரட்டுவதை ஊரே கரையில் நின்று பார்த்தது. கல்லுக்கு அடியில் அழுக்கு இருக்கிறதா என்று டீச்சர் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். அவளும் ஒருநாளாவது ஒருத்தரைக் கூப்பிட்டு, இதோ பார், இது உயிரோடு இருக்கிறதுதான் உன் தண்ணீருக்குச் சாட்சி என்று காட்டியிருக்கிறாளா? சப் கலெக்டருக்கு மூன்று பக்கம் எழுதத் தெரிந்தவளுக்கு, தண்ணீரைக் குடிக்கிறவனிடம் இரண்டு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. படித்தவர்கள் செய்கிற காரியம் இப்படித்தான் இருக்கும்.

பஞ்சாயத்துத் தலைவர் சிவனணைந்தபெருமாள் சலவை வேட்டி, சலவைச் சட்டையோடு வந்தார். இரண்டு போகம் நெல் விளைகிற ஆறு ஏக்கர் அவருக்கு. நாலு வருஷமாக மனுவைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியதில் அந்த ஆறு ஏக்கரையும் சரியாகப் பார்க்கவில்லை என்று வீட்டில் ஏச்சு வாங்குகிறவர். ஜெபசெல்வி ஈரச் சேலையோடு நிற்பதைப் பார்த்து என்ன ஏது என்று கேட்டார்.

“அண்ணாச்சி, இந்தப் பொடியப் போடச் சொன்னது யாரு?”

“நாந்தான். ஏன் டீச்சர், பத்தாதா?”

அவள் சொன்னாள். இங்கே உயிர் இருக்கிறது, கீழே இல்லை, இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால்தான் கம்பெனிக் குழாய் செய்த வேலை தெரியும், இப்போது இங்கேயும் இல்லை, மேலேயும் கீழேயும் ஒன்றுபோல ஆக்கிவிட்டீர்கள் என்று சொன்னாள். சுனையில் போய்ப் பிடித்து வரலாமா என்று அவர் கேட்டார். சுனையில் தேங்கிக் கிடக்கிற தண்ணீர், இந்தப் பூச்சி ஓடுகிற தண்ணீரில் வாழ்கிறது, அங்கே கிடைக்காது என்றாள். அவர் அப்படியே கரையில் உட்கார்ந்தார். சலவை வேட்டியில் ஈரமண் ஒட்டியது, அவர் கவனிக்கவில்லை. பிறகு காலி டின்னைக் கைகாட்டினார்.

“ஒண்ணு செய்வோம். கம்பெனிக்காரன் விடியுமுன்ன வந்து பொடியத் தூவிட்டுப் போயிட்டான்னு சொல்லுவோம். டின்னு கிடக்கு, வாடை அடிக்கு. ஊரே ஒத்த வாயாச் சொல்லும்.”

ஜெபசெல்விக்கு உடனே முடியாது என்று சொல்ல வரவில்லை. அதுதான் உண்மை. கம்பெனிக்காரர்கள் நாலு வருஷமாகப் பண்ணுகிற திருட்டுத்தனத்துக்கு இது ஒரு பெரிய பொய்யா என்று மனசு கேட்டது. சப் கலெக்டர் நம்புவார். சாட்சியை அழிக்கப் பார்த்தான் கம்பெனிக்காரன் என்று அங்கேயே உத்தரவு போட்டாலும் போடுவார். வேலை சுலபமாக முடியும். பிறகு ஜெயசிங்கின் முகம் நினைவுக்கு வந்தது. குழாயை அடைத்ததற்கு அந்த மனுஷரைக் கூண்டில் ஏற்றலாம். செய்யாத காரியத்துக்கு எப்படி ஏற்றுவது? நாளைக்கே டின் எங்கிருந்து வந்தது என்று யாராவது தோண்டினால் அவளுடைய ஐந்து சனிக்கிழமையும் சேர்ந்து பொய்யாகிவிடும்.

“கல்லு என்ன சொல்லுதோ அதத்தான் நான் சொல்லுவேன் அண்ணாச்சி. அதுக்கு மேல பொய் சொல்ல என்னால ஆகாது.”

“யார் போட்டான்னு கேட்டா?”

“தெரியாதுன்னு சொல்ல மாட்டேன். உங்க பேரையும் சொல்ல மாட்டேன். அத நீங்கதான் சொல்லணும்.”

அவர் எழுந்துவிட்டார். அது ஆஸ்பத்திரிப் பொடி என்று மெல்லிய குரலில் சொன்னார். காலராவுக்கென்று கிணற்றில் போடக் கொடுத்தது, கையெழுத்துப் போட்டு வாங்கினது அவர். கிணற்றில் போடவேண்டியதை வரவேற்புக்குக் கோடு இழுக்கவும் ஓடையில் கொட்டவும் எடுத்தேன் என்று அதிகாரி முன்னால் சொன்னால் அந்த நிமிஷமே பதவி போய்விடும், கேஸ் வந்தாலும் வரும். பன்னிரண்டு வருஷம் தலைவராக இருந்து ஒரு கெட்ட பெயர் எடுக்காதவர். அவர் அவளைப் பார்க்காமல் நாற்காலி போடுகிற இடத்துக்குப் போய்விட்டார். போகும்போது மாசானத்திடம் டின்னைத் தூக்கி எங்கேயாவது எறியச் சொன்னார். மாசானம் நாலு டின்னையும் இரண்டு கையில் கோத்துத் தூக்கிக்கொண்டு, அழுவதா வேண்டாமா என்று தெரியாத முகத்தோடு போனான்.

மணி எட்டரை. ஜெபசெல்வி கரையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு கல் இருந்தது, எப்போது எடுத்தாள் என்று நினைவில்லை. சும்மா திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு ஒன்று கண்ணில் பட்டது. கல்லில் பதினாலு குழல் இருந்தது. மணல் துணுக்கால் கட்டிய குழல், பதித்தது பதித்தபடி. இடுக்கியால் ஒன்றைப் பிரித்தாள். உள்ளே புழு செத்துச் சுருண்டு கிடந்தது. இன்னொன்றைப் பிரித்தாள். அதிலும்.

பையைத் தூக்கிக்கொண்டு குழாயைத் தாண்டிக் கீழே ஓடினாள். அங்கே இருபது கல்லைப் புரட்டினாள். குழலும் இல்லை, குழல் இருந்த தடமும் இல்லை. பிணம் இருக்கிறது என்றால் அங்கே ஆள் குடியிருந்தான் என்று அர்த்தம். பிணமும் இல்லாத, வீடும் இல்லாத இடத்தில் ரொம்ப நாளாகவே யாரும் இல்லை. மேலேயும் கீழேயும் ஒன்றுபோல ஆகிவிடவில்லை. இதை இரண்டு தட்டில் வைத்துக் காட்டிவிடலாம்.

நெஞ்சுக்குள் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. வந்த வேகத்தில் அணைந்தும் போயிற்று. மேலே இருப்பது எப்போது செத்தது, எதனால் செத்தது என்று ஜெயசிங் கேட்பார். கேட்காமல் இருக்க அவர் என்ன பச்சைப் பிள்ளையா? இன்று காலையில் பொடியால் செத்தது என்று அவள் சொல்லலாம், போட்டவன் யார் என்று கேள்வி வரும். போட்ட ஆள் வாயைத் திறக்காவிட்டால் அது அவளுடைய வெறும் பேச்சு. ஏதோ நோய் வந்து செத்தது, வெயிலில் செத்தது, இந்த ஓடையே இப்படித்தான் என்று அவர்கள் ஆயிரம் சொல்லலாம். ஆக இருநூறு வீட்டுத் தண்ணீரும் இப்போது சிவனணைந்தபெருமாள் வாயில் இருந்தது. அவரோ மேசை விரிப்பை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார்.

பத்து ஐந்துக்கு ஜீப் வந்தது. சப் கலெக்டர் சின்ன வயசுக்காரர், வடக்கத்தித் தமிழ், கறுப்பு ஷூ. மாலையை வாங்கிக் கழற்றிக் குமாஸ்தாவிடம் கொடுத்துவிட்டு, நாற்காலியில் உட்காராமல் நேரே ஓடைக்குப் போகலாம் என்றார். நூறு நூற்றைம்பது பேர் பின்னாலேயே நடந்தார்கள். கம்பெனியில் தும்பு அடிக்கிற பெண்களும் அதில் இருந்தார்கள். அவர்களுக்கு வேலையும் வேண்டும், தண்ணீரும் வேண்டும், அதனால் யார் பக்கமும் முகத்தைக் காட்டாமல் வந்தார்கள்.

முதலில் கீழே. தண்ணீர் கண்ணாடி மாதிரி ஓடியது, மூன்று நாளாகக் குழாயை அடைத்திருந்ததால். ஜெபசெல்வி கல்லைப் புரட்டித் தட்டில் கழுவிக் கொட்டினாள். தட்டில் மணலும் இரண்டு சிவப்புப் புழுவும் கிடந்தன. குமாஸ்தா எழுதிக்கொண்டார். இந்த ஓடை பிறந்ததிலிருந்தே இப்படித்தான் ஐயா, மேலே போய்ப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள் என்று ஜெயசிங் பணிவாகச் சொன்னார். மேலே கொட்டின பொடியின் வாடை அவருக்குத் தெரிந்துவிட்டது என்று ஜெபசெல்விக்கு அப்போது புரிந்தது.

மேலே வந்தார்கள். அவள் மூன்று கல்லை எடுத்து இரண்டாவது தட்டில் வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். சப் கலெக்டர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“ஒன்றும் அசையவில்லையே அம்மா.”

“செத்துக் கிடக்கு சார்.”

ஜெயசிங் ஓர் அடி முன்னால் வந்தார். “எங்க குழாய் நூறு கஜத்துக்குக் கீழ இருக்கு. அது தண்ணிய எதுத்து ஏறி வந்து இதுகளக் கொன்னுச்சுன்னு டீச்சர் சொல்லுதாங்களான்னு கேளுங்க சார்.” கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஜெபசெல்வி இடுக்கியை எடுத்தாள். ஒரு குழலைப் பிரித்துக் காட்டினாள். இது கல்லோடு வீடு கட்டி வாழ்கிற புழு, ஒரு வீடு கட்ட இதற்கு வாரக்கணக்கில் ஆகும், இந்த ஒரு கல்லில் பதினாலு வீடு இருக்கிறது, பிரித்த வீட்டிலெல்லாம் ஆள் இருக்கிறது, கீழே எத்தனை கல்லைப் புரட்டினாலும் ஒரு வீடு கிடையாது என்று சொன்னாள். சப் கலெக்டர் இடுக்கியை வாங்கித் தாமே ஒரு குழலைப் பிரித்தார். பிறகு இன்னொன்று.

“இவை எப்போது செத்தன?”

“இன்னைக்கு விடியக்காலம் சார். பிளீச்சிங் பொடி போட்டிருக்கு.”

“யார் போட்டது?”

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல், கம்பெனிக்காரன்தான் என்றது. இன்னொரு குரல் ஆமாம் என்றது. அப்புறம் பத்துக் குரல். ஜெயசிங்கின் முகம் வெளுத்தது. அபாண்டம் சார், அபாண்டம் என்றார், அந்த நிமிஷம் அவர் சொன்னது சத்தியம். சப் கலெக்டர் கையைக் காட்டிக் கூட்டத்தை அமர்த்திவிட்டு ஜெபசெல்வியைப் பார்த்தார்.

“உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும் சார்.”

“யார்?”

அவள் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னொரு தடவை கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று அவளுக்கே பயமாக இருந்தது. சொன்னால் நாலு வருஷம் உழைத்த மனுஷரைக் காட்டிக்கொடுத்தவள், சொல்லாவிட்டால் ஊரின் பொய்க்குத் துணை போனவள். சப் கலெக்டர் இன்னொரு தடவை கேட்டார். அவள் வாயைத் திறந்தாள்.

“நாந்தான்யா.”

சிவனணைந்தபெருமாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்திருந்தார். கம்பெனிக்காரர்கள் போடவில்லை, ஊர்க்காரர்கள் தெரியாமல் பேசுகிறார்கள், ஆஸ்பத்திரியில் கிணற்றுக்கென்று கையெழுத்துப் போட்டு வாங்கின பொடி, நாலு டின், நான் சொல்லித்தான் மாசானம் கொட்டினான், அவன் மேல் தப்பில்லை என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். எங்கேயும் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மிச்சத்தைச் சொல்ல மாட்டோம் என்று பயந்தவர் போல.

சப் கலெக்டருக்கு நம்ப முடியவில்லை. “உங்கள் ஊர் குடிக்கிற தண்ணீர். அதில் போய் எதற்குக் கொட்டினீர்கள்?”

“ஐயா வாரியன்னுதான்.”

சப் கலெக்டர் தலையைக் குனிந்து ஷூவைப் பார்த்தார். கறுப்பு ஷூவின் நுனியெல்லாம் வெள்ளை படிந்திருந்தது. ஜீப்பிலிருந்து ஓடை வரை அவருக்காக இழுத்த கோட்டை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். காதெல்லாம் சிவந்துவிட்டது. இந்த ஊரே தன் தண்ணீரைக் கெடுத்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும் என்று ஜெயசிங் ஆரம்பித்தார். கொஞ்சம் சும்மா இருங்கள் என்றார் சப் கலெக்டர், அதுவரை பேசாத ஒரு குரலில்.

ஷூவைக் கழற்றிவிட்டு, கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, மறுபடி குழாய்க்குக் கீழே போனார். யாரையும் கூட ஓடைக்குள் இறங்க விடவில்லை. தாமே ஓடைக்குள் இறங்கி, அவர் இஷ்டத்துக்கு அங்கே ஒன்று இங்கே ஒன்றாகக் கல்லைப் புரட்டினார். கரையில் நின்றவர்கள் எண்ணினார்கள். இருபத்தாறு கல். ஒவ்வொன்றையும் திருப்பி, விரலால் தடவிப் பார்த்துவிட்டு வைத்தார். ஜெபசெல்வி மூச்சு விடக்கூட மறந்து நின்றாள். பல வருஷத்துக்கு முன்னால், அவளுடைய சொந்தப் பரீட்சை முடிவுக்குக்கூட அவள் இப்படி நின்றதில்லை.

மேலே ஏறி வந்து, விரித்து வைத்த மேசையில் நின்றபடியே உத்தரவைச் சொல்லச் சொல்லக் குமாஸ்தா எழுதினார். ஓடையில் குழாய்க்கு மேலே நேற்று வரை உயிர் இருந்ததற்கு அடையாளம் உண்டு, கீழே நெடுநாளாக இருந்ததற்கு அடையாளம் இல்லை. புதுக் கொட்டகைக்கு அனுமதி கிடையாது. இருக்கிற குழாயை இன்றைக்கே அடைத்து முத்திரை வைக்க வேண்டும். கழிவை ஓடையில் விடாமல் வேறு வழி செய்த பிறகே சாயம் போடலாம். மூன்று மாசம் கழித்து இரண்டு இடமும் மறுபடி பார்வையிடப்படும். அத்தோடு முடிக்காமல், ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, ஆஸ்பத்திரிப் பொடியைத் துருபயோகம் செய்ததற்காகப் பஞ்சாயத்துத் தலைவர் விளக்கம் தரவேண்டும், அதுவரை துணைத் தலைவர் பொறுப்பில் இருப்பார் என்பதையும் சொன்னார். சிவனணைந்தபெருமாள் பேனாவை வாங்கி, முதல் தாளிலும் கடைசித் தாளிலும் கையெழுத்துப் போட்டார்.

கூட்டத்துக்குச் சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை. ஜெபசெல்விக்கும் தெரியவில்லை. ஜெயித்தாயிற்று. ஆனால் அந்தப் பக்கம் ஓடைக்குள் அவள் ஐந்து வாரம் எண்ணிய அத்தனையும் வெளுத்துக் கிடந்தன. அதை நினைத்தபோது கண் கலங்கியது, துடைத்துக்கொண்டாள். இவையெல்லாம் திரும்பி வருமா என்று சப் கலெக்டர் அவளிடம் தணிந்த குரலில் கேட்டார். வளர்ந்தவை பறக்கும், அக்கம்பக்கத்து வாய்க்காலிலிருந்து வந்து முட்டையிடும், தண்ணீரைத் தண்ணீராக விட்டுவைத்தால் இரண்டு மூன்று மாசத்தில் மேலே வந்துவிடும், கீழே வர அதைவிட நாளாகும் என்றாள்.

அப்படியானால் அடுத்த பார்வைக்கு நாள் குறித்துவிடலாம், இரண்டு தரப்புக்கும் நோட்டீஸ் அனுப்புகிறேன் என்றார் அவர். குமாஸ்தா காலண்டரைப் பார்த்து ஒரு தேதியைச் சொல்லி எழுதினார்.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிய சிவனணைந்தபெருமாள் நின்றார்.

“அப்ப நான் தலைவரா இருக்க மாட்டேன்யா. ஊர்க்காரனாச் சொல்லுதேன். வாரதுன்னா சொல்லாம வாங்க.”

ஜெயசிங் வேறு பக்கம் பார்த்தார். சப் கலெக்டர் குமாஸ்தாவின் கையிலிருந்து பேனாவை வாங்கி, அந்தத் தேதியைத் தாமே கோடு போட்டு அடித்தார்.